சென்னை வீட்டுத் தொட்டியில் செர்ரி இறால்: ஐப்பசியில் தொடங்கி கத்திரியைத் தாண்டுவது வரை

வண்ண இறால் வளர்க்க வேண்டும் என்று யாராவது சித்திரையில் வந்து கேட்டால், ஐப்பசி வரை பொறுங்கள் என்றுதான் சொல்வேன். சென்னையில் பலருக்கும் இந்த ஆசை மே மாத விடுமுறையில்தான் வருகிறது. பிள்ளைகளோடு போய்ப் பத்து இறால் வாங்கி வருவார்கள். பத்து நாளில் தொட்டி காலியாகிவிடும். "இதெல்லாம் நம்ம ஊருக்கு ஒத்துவராது" என்று தொட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றிவிடுவார்கள்.

ஒத்துவரும். நேரம் பார்த்துத் தொடங்கினால் நன்றாகவே ஒத்துவரும். ஐப்பசி பிறந்ததும் தொட்டியை வையுங்கள். அது பக்குவமாகும்போது கார்த்திகை வந்திருக்கும், தண்ணீர் தானாகவே 25, 26 டிகிரிக்கு இறங்கியிருக்கும். அப்போது விடும் இறால் தையிலோ மாசியிலோ முட்டை சுமக்கும். உங்கள் தண்ணீரிலேயே பிறந்த குஞ்சுகள், கடையிலிருந்து வந்த தாயைவிட நன்றாக நம் வெயிலைத் தாங்கும். என் தொட்டியில் ஒவ்வொரு வருடமும் இதைப் பார்க்கிறேன்.

எந்த இறால்

செர்ரி இறால்தான். அறிவியல் பெயர் நியோகாரிடினா டேவிடி. பூர்வீகம் சீனாவும் தைவானும். சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, நீலம் என்று கடையில் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை இந்த ஒரே இனத்தின் நிறங்கள்தான். அதனால் ஒரு தொட்டிக்கு ஒரு நிறம் போதும். கலந்து விட்டால் அவை ஒன்றோடொன்று கூடி, சில தலைமுறையிலேயே காட்டு நிறமான மங்கிய பழுப்புக்குத் திரும்பிவிடும்.

சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட கிரிஸ்டல் இறாலைப் பார்த்து மயங்காதவர் கிடையாது. ஆனால் அதற்கு 20 முதல் 24 டிகிரி குளிரும், அமிலத்தன்மையுள்ள மென்மையான தண்ணீரும் வேண்டும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கும் எண்ணம் இல்லாவிட்டால் சென்னையில் அதைத் தொடாதீர்கள். பாசி தின்பதற்குப் பேர்போன அமானோ இறால் நல்ல இனம், ஜப்பானிய நீர்த்தொட்டி வடிவமைப்பாளர் தகாஷி அமானோவால் உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அதன் இளம் புழுக்களுக்கு உப்பு கலந்த தண்ணீர் வேண்டும் என்பதால் வீட்டுத் தொட்டியில் பெருகாது. கண்ணாடி போலிருக்கும் 'கோஸ்ட் ஷ்ரிம்ப்' என்று மலிவாகக் கிடைப்பவற்றில் நம் ஆற்று இறால் குஞ்சுகளும் கலந்திருக்கும். வளர்ந்தபின் நீண்ட கொடுக்கோடு கூட இருப்பவற்றையே பிடித்துத் தின்னும்.

தொட்டி

சின்னத் தொட்டி சுலபம் என்று தோன்றும். இறாலுக்கு அது நேர்மாறு. தண்ணீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு வேகமாகச் சூடேறும், அவ்வளவு வேகமாகக் கெடும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி நல்ல தொடக்கம். மண் போட்டு மேலே இடைவெளி விட்டால் 50 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் நிற்கும்.

வைக்கும் இடத்தை வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையாகப் பாருங்கள். மேற்குச் சுவரை ஒட்டி வேண்டாம், மாலை வெயில் வாங்கிய சுவர் இரவு பத்து மணி வரை கொதிக்கும். மொட்டை மாடிக்குக் கீழ் வீடு என்றால் உயரமான மேசையைவிடத் தரையோடு ஒட்டிய தாழ்ந்த பலகையே மேல்.

ஃபில்டர் விஷயத்தில் யோசனையே வேண்டாம், காற்று பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான். குஞ்சுகளை உறிஞ்சாது, அதன் மேலேயே அவை மேயும். அடியில் கழுவிய ஆற்று மணலோ கருப்புக் கூழாங்கல்லோ போடுங்கள். பளிங்குக் கல்லும் சிப்பியும் வேண்டாம், அவை கரைந்து தண்ணீரை இன்னும் கடினமாக்கும். செடியில் ஜாவா மாஸ் என்னும் பாசி ஒரு கைப்பிடி இருந்தாலே குஞ்சுகள் பிழைத்துவிடும். எந்தச் செடியானாலும் வாங்கி வந்ததும் தொட்டியில் போடாதீர்கள். நத்தையையும் பூச்சியையும் கொல்ல மருந்தில் முக்கியிருப்பார்கள். இரண்டு வாரம் வாளியில் தனியே வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள்.

தண்ணீர்

சென்னையில் ஒரே வீட்டுக்கு மூன்று தண்ணீர் வருகிறது. மெட்ரோ வாட்டர், போர், லாரி. சில அடுக்குமாடிகளில் மூன்றும் ஒரே சம்ப்பில் கலக்கும். திங்கட்கிழமை வந்த தண்ணீரும் வியாழக்கிழமை வந்த தண்ணீரும் வேறு வேறு. நமக்கு இதில் வித்தியாசம் தெரியாது, இறாலுக்கு உயிர்ப் பிரச்சினை. ஆகவே குழாயைத் திறந்து அப்படியே தொட்டியில் விடும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித் தண்ணீரை நீங்களே கலந்துகொள்ள வேண்டும்.

இரண்டு கருவி வாங்குங்கள். ஒன்று பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டர், கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும். இன்னொன்று சொட்டு மருந்து விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் ஜி.எச். டெஸ்ட், கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்று சொல்லும். செர்ரி இறாலுக்கு டி.டி.எஸ். 150 முதல் 300, ஜி.எச். 6 முதல் 12, பி.எச். 6.5 முதல் 8 வரை இருக்கலாம்.

கணக்கு எளிது. உங்கள் போர் தண்ணீர் 1000, வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் 40 என்று மீட்டர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு போருக்கு நான்கு பங்கு ஆர்.ஓ. கலந்தால் 232 வரும். போரின் ஜி.எச். 30 என்றால் கலவையில் 6 சொச்சம் நிற்கும். அது போதும்.

ஆனால் டி.டி.எஸ். எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடலோரத்தில் நிலத்தடி நீருக்குள் கடல் உப்பு ஏறியிருக்கும். மீட்டர் 1000 காட்டும், அதில் பாதிக்கு மேல் வெறும் சமையல் உப்பாக இருக்கலாம். இறாலின் ஓட்டுக்கு வேண்டிய கால்சியம் அதில் போதாது. ஜி.எச். டெஸ்ட் இதைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப்பட்ட தண்ணீர் என்றால் போரை அடியோடு விட்டுவிட்டு, சுத்த ஆர்.ஓ. தண்ணீரில் இறாலுக்கென்று விற்கும் மினரல் பொடியைக் கரைத்துக்கொள்ளுங்கள். அசோசியேஷனில் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை இருந்தால் கேட்டு வாங்குங்கள். அதில் மொத்தக் கடினத்தன்மை மில்லிகிராமில் இருக்கும், 18ஆல் வகுத்தால் ஜி.எச்.

மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். வாளியில் பிடித்து, காற்று பம்பில் மாட்டிக் குமிழி விடும் காற்றுக்கல் போட்டு ஒரு நாள் வைத்தால் பறந்துவிடும். அவசரம் என்றால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து. மாடித் தொட்டியை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும் நாளை வாட்ச்மேனிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் குழாய்த் தண்ணீரைத் தொடவே வேண்டாம்.

செம்பு இறாலுக்கு நஞ்சு. செம்புக் குடத்திலோ பித்தளைத் தவலையிலோ தண்ணீரை எடுக்காதீர்கள், கீஸர் தண்ணீர் கலக்காதீர்கள். ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரை டிஸ்டில்டு வாட்டர் என்று நினைத்துச் சேமிப்பவர்கள் உண்டு. அது செம்புக் குழாய்ச் சுருளின் மேல் வழிந்து வருகிறது. ரோஜாச் செடிக்கு ஊற்றுங்கள், இறால் தொட்டிக்கு வேண்டாம். மீனுக்கு விற்கும் மருந்துகள் பலவற்றிலும் செம்பு உண்டு, லேபிளைப் படிக்காமல் ஒரு சொட்டும் விடக் கூடாது.

பக்குவமாக நாலு முதல் ஆறு வாரம்

தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி அம்மோனியாவாகும். ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் இறாலைக் கொல்லும், மூன்றாவது அளவோடு இருந்தால் தொந்தரவில்லை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும் வரை இறால் கூடாது. நண்பர் வீட்டில் ஓடும் நல்ல தொட்டியிலிருந்து அழுக்கேறிய ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் இந்தக் காலம் பாதியாகக் குறையும்.

எண்கள் சரியானபின்னும் நான் இரண்டு வாரம் காத்திருப்பேன். கண்ணாடியில் விரலை வைத்தால் வழுக்க வேண்டும். கூழாங்கல்லின் மேல் பச்சையும் பழுப்புமாக மெல்லிய படலம் ஏறியிருக்க வேண்டும். அந்த வழுவழுப்புதான் இறாலின் சோறு. பளிச்சென்ற தொட்டியில் அது பட்டினி கிடக்கும்.

நாட்டு வாதுமை இலையை இந்தச் சமயத்தில் சேருங்கள். சென்னையில் பாதாங்கொட்டை மரம் இல்லாத தெரு அபூர்வம். பழுத்துச் சிவந்து, தானாக உதிர்ந்து, மொறுமொறுவென்று காய்ந்த இலையாக எடுங்கள். பச்சை இலை வேண்டாம், சாலைப் புகை படிந்ததும் வேண்டாம். கழுவி, கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவைத்துப் போட்டால் மூழ்கும். 50 லிட்டருக்கு இரண்டு இலை. ஒரு வாரத்தில் மேலே வெள்ளைப் படலம் கட்டும். மாதக் கடைசியில் நரம்பு மட்டும் வலைபோல் மிஞ்சும், மற்றதெல்லாம் வயிற்றுக்குப் போயிருக்கும்.

வாங்குவதும் விடுவதும்

வண்ண மீன் என்றால் சென்னையில் கொளத்தூர்தான். மீட்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "அண்ணே, இது எந்தத் தண்ணியில இருக்கு, எத்தனை நாளா இருக்கு?" "போர் தண்ணிதான், இங்கயே குஞ்சு போட்டது" என்று பதில் வந்தால் அங்கே வாங்கலாம். நேற்று இரவு பார்சலில் வந்தது என்றால் ஒரு வாரம் கழித்துப் போங்கள். அவர் தொட்டியில் மீட்டரை முக்கிப் பார்ப்பதில் தப்பில்லை, நல்ல வியாபாரிகள் தாங்களாகவே காட்டுவார்கள். பெரிதாக இருப்பதை எடுக்காதீர்கள். இதன் ஆயுளே ஒன்று முதல் இரண்டு வருடம். ஒரு சென்டிமீட்டர் அளவில் பதினைந்து எடுத்தால் ஆணும் பெண்ணும் கலந்தே வரும்.

வீட்டுக்கு வந்ததும் பையைப் பிரித்து ஒரு டப்பாவில் ஊற்றுங்கள். காற்றுக் குழாயின் ஒரு முனையைத் தொட்டியில் வைத்து, உறிஞ்சி விட்டு, நடுவில் ஒரு முடிச்சு போடுங்கள். முடிச்சை இறுக்கினால் சொட்டுச் சொட்டாக விழும், நொடிக்கு இரண்டு சொட்டு சரி. டப்பாவில் தண்ணீர் மூன்று மடங்காகும் வரை ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகட்டும். பிறகு வலையால் இறாலை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. முதல் நாள் தீனி வேண்டாம், விளக்கும் வேண்டாம். ஒன்றிரண்டு நாள் பாசிக்குள் ஒளிந்திருக்கும், தேடிக் கிளறாதீர்கள்.

கூட மீன் விடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கப்பி பெரிய இறாலை விட்டுவிடும், குஞ்சுகளைப் பொறுக்கித் தின்றுவிடும். எனக்கு இறால் மட்டுமே இருக்கும் தொட்டிதான் பிடிக்கும்.

கொசு மருந்து

இதற்கு முன் சொன்ன எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஒரு மழைக்கால இரவு, ஹாலில் கொசு அதிகமாக இருக்கிறதென்று லிக்விட் மெஷினை பிளக்கில் சொருகினேன். பக்கத்துப் பிளக்கில் இறால் தொட்டியின் காற்று பம்ப். காலையில் பார்த்தால் இறால்கள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன, கால்கள் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. இரண்டு மூன்று மேலே எகிறி, சுழன்று, கீழே விழுந்தன. நாற்பது இருந்திருக்கும், சாயங்காலம் ஆறு மிஞ்சின. அடுத்த தொட்டியில் கப்பிகள் எப்போதும்போல் நீந்திக்கொண்டிருந்ததால் தண்ணீர்தான் காரணம் என்று நினைத்தேன். எல்லா டெஸ்ட்டும் சரியாகவே வந்தது. மறுபடி வாங்கி விட்டு, மறுபடி ஓர் இரவு அதே நடந்த பிறகுதான் அந்தப் பிளக் கண்ணில் பட்டது.

கொசுவை விரட்டும் திரவம், சுருள், கரப்பான் ஸ்ப்ரே எல்லாவற்றிலும் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்துதான். பூச்சியின் நரம்பை முடக்குவது அதன் வேலை. இறாலும் பூச்சியும் கணுக்காலிக் குடும்பம், இரண்டுக்கும் நரம்பு ஒரே மாதிரி. அறைக் காற்றில் கலந்த மருந்தைக் காற்று பம்ப் உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் குமிழியாக விடுகிறது. நமக்கு வாசனைகூடத் தெரியாத அளவே இறாலுக்கு அதிகம்.

ஆகவே தொட்டி இருக்கும் அறையில் இவை எதுவும் கூடாது. ஜன்னலுக்குக் கொசுவலை அடியுங்கள், படுக்கைக்கு வலை கட்டுங்கள். மாநகராட்சிப் புகை வண்டியின் சத்தம் தெருமுனையில் கேட்டதும் ஜன்னலைச் சாத்தி, பம்பை அணைத்து, தொட்டியை ஈரத்துணியால் மூடுங்கள். அரைமணி நேரம் பம்ப் இல்லாமல் இறாலுக்கு ஒன்றும் ஆகாது. கையில் கொசு கிரீம் தடவியிருந்தால் தொட்டிக்குள் கைவிடாதீர்கள். நாய்க்கு உண்ணி மருந்து போட்டுத் தடவிய கையும் அப்படியே. வீட்டுக்கு வெள்ளையடிப்பு, கரையான் மருந்து என்று வேலை வந்தால் இறாலை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

தீனி

பதினைந்து இறாலுக்கு ஒரு பாசிப்பயறு அளவு தீனி, இரண்டு நாளுக்கு ஒருமுறை. இரண்டு மணி நேரத்தில் மிச்சம் இருந்தால் எடுத்துவிடுங்கள். பசியால் இறந்த இறாலை நான் பார்த்ததில்லை, தீனி அழுகி இறந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். வாரம் ஒருமுறை தோல் சீவி வேகவைத்த சுரைக்காய்த் துண்டு, அல்லது ஒரு கொத்து முருங்கைக் கீரையை வேகவைத்துப் போடுங்கள். ஐந்து நிமிடத்தில் சுற்றி உட்கார்ந்து, இரண்டு கையாலும் மாறி மாறி எடுத்து வாயில் வைக்கும். கடைக் கீரையில் பூச்சிமருந்து இருக்கலாம், மாடித்தோட்டத்தில் விளைந்ததாக இருந்தால் நல்லது.

ஓடு கழற்றுவதும் முட்டையும்

ஒரு நாள் காலையில் கண்ணாடி போன்ற வெற்று இறால் ஒன்று கிடக்கும். இறந்துவிட்டது என்று பதற வேண்டாம், ஓடு கழற்றியிருக்கிறது. வளர்ந்த இறால் ஏறத்தாழ மாதத்துக்கு ஒருமுறை கழற்றும். அதை எடுக்காமல் விடுங்கள், கால்சியத்துக்காக அவையே தின்னும். பிணமாக இருந்தால் இளஞ்சிவப்பாக, புழுங்கிய இறால் நிறத்தில் இருக்கும். அதை உடனே எடுக்க வேண்டும்.

முதுகில் மோதிரம் போட்டதுபோல் வெள்ளைக் கோடு சுற்றி வந்தால், ஓட்டிலிருந்து வெளியே வர முடியாமல் திணறுகிறது என்று அர்த்தம். அதைக் காப்பாற்றுவது கடினம். காரணம் பெரும்பாலும் நாம்தான்: ஒரேயடியாகத் தண்ணீரை மாற்றியிருப்போம், அல்லது ஜி.எச். இறங்கியிருக்கும். வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் மாற்றாதீர்கள். புதுத் தண்ணீர் அதே டி.டி.எஸ்., அதே சூடு, மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக.

பெண் பெரிது, வயிறு தொங்கலாக, நிறம் அடர்த்தியாக இருக்கும். தலைக்குப் பின்னால் மஞ்சளாகவோ பச்சையாகவோ சேணம்போல் ஒரு திட்டு தெரிந்தால் முட்டை தயாராகிறது. அடுத்த முறை அவள் ஓடு கழற்றியதும் ஆண்கள் தொட்டி முழுக்கப் பறந்து தேடும், அன்றைக்கு மட்டும் ஒன்றும் ஓரிடத்தில் நிற்காது. பிறகு இருபது, முப்பது முட்டைகள் வயிற்றுக்கடியில் இறங்கும். நீந்தும் கால்களால் அவள் ஓயாமல் விசிறிக்கொண்டே இருப்பாள், ஒரு முட்டையை நகர்த்தி இன்னொன்றைப் புரட்டி, அழுக்குப் படாமல் பார்த்துக்கொள்வாள். சுமார் மூன்று நான்கு வாரத்தில் இரண்டு மில்லிமீட்டர் குஞ்சுகள் வரும், உருவத்தில் தாயின் அச்சு. தனியே பிரிக்க வேண்டாம், பாசியும் வாதுமை இலையும் அவற்றைப் பார்த்துக்கொள்ளும்.

மழை, புயல், கரண்ட்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அதுவும் தீர்ந்தால், ஒரு பிளாஸ்டிக் குவளையில் தொட்டித் தண்ணீரையே மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள், மணிக்கு ஒருமுறை இருபது குவளை. கரண்ட் வரும் வரை தீனி கிடையாது.

பங்குனி முதல் கத்திரி வரை

28 டிகிரி வரை கவலையில்லை. 30ஐத் தாண்டினால் முட்டை போடுவதை நிறுத்தும், சுமக்கும் முட்டையைச் சில பெண்கள் உதறிவிடும். 32க்கு மேல் போனால் இழப்பு தொடங்கும். சூட்டோடு மூச்சும் சேர்ந்து முட்டும்: 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 32 டிகிரியில் 7.3தான். அதே நேரத்தில் இறாலுக்கும் நுண்ணுயிர்களுக்கும் தேவை கூடும்.

பங்குனியிலேயே மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள். சின்ன ஃபேன் ஒன்றைத் தண்ணீர்ப் பரப்பைச் சாய்வாக வருடும்படி வையுங்கள். ஆவியாவதால் இரண்டு மூன்று டிகிரி குறையும், புழுக்கம் மிகுந்த நாளில் அவ்வளவு குறையாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கும். ஆகவே குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், கலவைத் தண்ணீர் ஊற்றினால் டி.டி.எஸ். ஏறிக்கொண்டே போகும். கோடையில் மதியம் திறந்தால் குழாய்த் தண்ணீர் கையைச் சுடும், முந்தின இரவே பிடித்து வையுங்கள். விளக்கை மாலை ஆறு முதல் இரவு பதினொன்று வரை மட்டும் எரியுங்கள். கூடுதலாக ஒரு காற்றுக்கல், தீனி பாதி.

ஐஸ் கட்டி போடாதீர்கள். இரவு மட்டும் ஏ.சி. ஓடும் படுக்கையறைக்கும் தொட்டியை மாற்றாதீர்கள். இரவில் 24, பகலில் 33 என்று ஏறி இறங்குவதைவிட, நாள் முழுக்க 30இல் நிற்பதை அவை நன்றாகத் தாங்கும். மே 28 வாக்கில் கத்திரி முடிந்து, ஆடிக் காற்று வீசும்போது எண்ணிப் பாருங்கள். பாதிக்குமேல் மிஞ்சியிருந்தால் அடுத்த ஐப்பசிக்குள் தொட்டி நிறைந்துவிடும்.

நிறைந்த பிறகு

நூறைத் தாண்டினால் பகிர்ந்து கொடுங்கள். கொடுக்கும் முந்தின நாள் தீனி நிறுத்துங்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு தொட்டித் தண்ணீர், மீதி காற்று, பிடித்துக்கொள்ள ஒரு கிள்ளு ஜாவா மாஸ். கூடவே உங்கள் தண்ணீரின் டி.டி.எஸ்., ஜி.எச். எண்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். ஏரியிலோ கோவில் குளத்திலோ மட்டும் விடாதீர்கள். 'டேங்க் கிளீனர்' என்று வாங்கி, பெரிதானதும் கொண்டுபோய் விட்ட சக்கர் மீன்கள் சென்னை ஏரிகளில் இன்று மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன. வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்காவிட்டால், வாங்கிய கொளத்தூர்க் கடையிலேயே கேளுங்கள். வீட்டுத் தண்ணீரில் பிறந்து வெயிலைத் தாண்டிய இறால் என்றால் பல கடைக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள்.